கும்பிட்டவர் கைவிட்ட கட்டடம்: யூதச் சட்டம் சொல்வது என்ன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழிபாடு நின்றுபோன தேவாலயங்கள் புத்தகக் கடைகளாகவும் அலுவலகங்களாகவும் மாறிவருவதைப் பற்றிக் கடந்த ஞாயிறு இணைப்பிதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். செய்தி செறிந்த அக்கட்டுரையின் ஒரே ஒரு வாக்கியம்தான் இக்கடிதத்தை எழுத வைத்தது. பிற மதத்தார் வழிபட்ட கட்டடத்தில் கால் வைப்பதையே யூத மதச் சட்டம் தடுக்கிறது என்றும், ஆகவே இத்தகைய அலுவலகங்களில் யூதர்கள் வேலைக்குச் சேர்வதில்லை என்றும் கட்டுரையாளர் போகிற போக்கில் சொல்லிச் செல்கிறார். அது அப்படியன்று. வழிபாடு நடந்துகொண்டிருக்கும் தேவாலயத்துக்குள் நுழைவதை மரபுவழி ரப்பிகளில் (யூத மத அறிஞர்களில்) பெரும்பாலோர் தடுக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் வழிபாடு நின்றுபோன கட்டடத்தைப் பற்றிய சட்டம் முற்றிலும் வேறு. அது கட்டடத்தின் பழைய கதையை மட்டும் கேட்டு முடிவு சொல்வதில்லை, அங்கே கும்பிட்டவர்கள் அதை எப்படி விட்டுப் போனார்கள் என்று கேட்கிறது.

நான் யூதனும் அல்லன், சமய அறிஞனும் அல்லன். லண்டனில் இருபத்திரண்டு ஆண்டுகள் கணக்காய்வாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். எங்கள் நிறுவனம் ஒருமுறை இடம் மாறியபோது, மெத்தடிஸ்ட் என்னும் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவச் சபையார் பல ஆண்டுகளுக்கு முன் விற்றுவிட்ட ஒரு சிற்றாலயம் எங்கள் புதிய அலுவலகமாயிற்று. எனக்கு அடுத்த மேசையில் இருந்தவர் ஓய்வுநாளையும் உணவு விதிகளையும் வழுவாமல் காத்துவந்த யூதர். இடமாற்ற அறிவிப்பு வந்த அன்றே அவர் தம் ரப்பியிடம் கேட்டார். ரப்பி ஆம், இல்லை என்று எதுவும் சொல்லாமல் நான்கு கேள்விகளைத் திருப்பிக் கேட்டார். கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டது? உள்ளே மக்கள் விழுந்து வணங்கிய உருவம் ஏதேனும் இருந்ததா? வழிபாட்டை நிறுத்தியவர்கள் யார், எந்த முறையில் நிறுத்தினார்கள்? தரைக்கு அடியில் கல்லறை உண்டா? இந்நான்கையும் நண்பர் மின்னஞ்சலில் அனுப்பிவைக்க, வாடகை ஒப்பந்தத்தைத் தவிர வேறெந்தப் பழைய ஏட்டையும் புரட்டியறியாத எங்கள் மேலாளர் இரண்டு நாள் திகைத்துப்போயிருந்தார். விடைகள் கிடைத்தன, அனுமதியும் கிடைத்தது. நண்பர் ஓய்வுபெறும்வரை அங்கேதான் வேலை பார்த்தார்.

அக்கேள்விகள் எங்கிருந்து வந்தன என்பதை மதிய உணவு வேளைகளில் அவர் எனக்குச் சிறிது சிறிதாக விளக்கினார். பிறகு மொழிபெயர்ப்புகளைத் தேடி நானும் படித்தேன். எல்லாவற்றுக்கும் வேர் விவிலியத்தின் உபாகமத்தில் இருக்கிறது. கானான் நாட்டுக்குள் நுழையும் இஸ்ரவேலர் அங்குள்ள வழிபாட்டிடங்களை அழித்துவிட வேண்டும் என்று 12ஆம் அதிகாரமும், அருவருப்பானதை வீட்டுக்குள் கொண்டுவரலாகாது என்று 7ஆம் அதிகாரமும், சாபத்துக்குரிய பொருளில் எதுவும் கையில் ஒட்டியிருக்கலாகாது என்று 13ஆம் அதிகாரமும் கட்டளையிடுகின்றன. இவற்றை மட்டும் படிப்பவர் உங்கள் கட்டுரையாளரின் முடிவுக்கே வருவார். யூதச் சட்டமோ வசனத்தோடு நின்றுவிடுவதில்லை. கி.பி. 200ஆம் ஆண்டளவில் யூதா ஹநாசி தொகுத்த மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பில் 'அவோதா ஜாரா', அதாவது அயல் வழிபாடு, என்றே ஒரு தனிப் பகுதி உண்டு. அதில் பேசும் ரப்பிகள் ரோமப் பேரரசின் ஆட்சியில், சந்தைக்குப் போனாலும் குளிக்கப் போனாலும் ஒரு சிலையைக் கடந்தே போக வேண்டிய நகரங்களில் வாழ்ந்தவர்கள். எல்லாவற்றையும் விலக்கினால் பிழைப்பு இல்லை, எதையும் விலக்காவிட்டால் மதம் இல்லை என்ற நெருக்கடியில் பிறந்த சட்டம் அது. அதனால்தான் அதில் இத்தனை நுணுக்கம்.

நம் கேள்விக்கு நேரே பொருந்துவது அப்பகுதியின் மூன்றாம் அதிகாரத்தில் வரும் 'மூன்று வீடுகள்' என்னும் விதி. தொடக்கத்திலேயே அயல் வழிபாட்டுக்கென்று கட்டிய வீடு விலக்கப்பட்டது. முன்பே இருந்த வீட்டுக்கு வழிபாட்டுக்காகச் சுண்ணம் பூசி, அலங்கரித்துப் புதுப்பித்திருந்தால், புதிதாகச் சேர்த்ததை மட்டும் நீக்கிவிட்டால் போதும். ஒரு வீட்டுக்குள் சிலையைக் கொண்டுவந்து வைத்துப் பிறகு வெளியே எடுத்துச் சென்றுவிட்டால், அந்த வீட்டுக்கு எந்தத் தடையும் இல்லை. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த விதி என்றாலும், இன்று ஒரு கிடங்கை வாடகைக்கு எடுத்துச் சில ஆண்டுகள் ஜெபக்கூடமாக நடத்திவிட்டுக் காலி செய்துபோகும் சபைகளுக்கு மூன்றாம் வகை அப்படியே பொருந்துகிறது. அத்தகைய இடத்தில் மறுநாளே கணினி மேசை போடலாம். இதில் பேச அதிகம் இல்லை.

சிக்கல் முதல் வகையில்தான். தேவாலயமாகவே கட்டப்பட்டது முதல் வகையில் சேராதா என்று நானும் நண்பரைக் கேட்டேன். அதற்குத்தான் உரையாசிரியர்கள் வருகிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி, வீடே தெய்வமாகக் கும்பிடப்பட வேண்டும் என்று கட்டிய வீட்டைத்தான் மிஷ்னா சொல்கிறது என்று உரை எழுதினார். 12ஆம் நூற்றாண்டின் பெரும் யூதச் சட்ட அறிஞரான மைமோனிடிசும் தம் சட்டத் தொகுப்பில், வீட்டையே வணங்கும் நோக்கத்தோடு கட்டினால் அது விலக்கப்பட்டது என்றே வரையறுக்கிறார். மலையை ஒருவர் வணங்கினால் மலை விலக்கப்படுவதில்லை, ஏனெனில் அது மண்ணோடு பிறந்தது. வீட்டை வணங்கினால் விலக்கப்படும், ஏனெனில் அதன் கற்கள் ஒரு காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டுக் கிடந்து பிறகு மண்ணோடு சேர்ந்தவை என்று, மிஷ்னாவுக்கு எழுந்த விரிவுரைத் தொகுப்பான தல்மூத் இன்னும் ஒரு படி நுணுகிப் பேசுகிறது. இதைப் படித்தபோது, சொத்து வழக்குகளில் அசையும் பொருளா அசையாப் பொருளா என்று வழக்கறிஞர்கள் மோதிக்கொள்வது நினைவுக்கு வந்தது. இந்த அளவுகோலின்படி பார்த்தால், கிறிஸ்தவர் எவரும் தேவாலயத்தின் சுவரை வணங்குவதில்லை, சுவருக்குள்ளே வணங்குகிறார்கள். ஆகவே கட்டடத்தை வழிபாட்டுக்குத் துணைநின்ற கருவி என்று வேண்டுமானால் கொள்ளலாமே தவிர, வழிபடப்பட்ட பொருள் என்று கொள்ள முடியாது. இரண்டுக்கும் சட்டம் வெவ்வேறு.

கருவிக்கும் தெய்வத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மிஷ்னாவே ஒரு கதையாகச் சொல்லியிருக்கிறது. யூத அறிஞர் ரப்பன் கமாலியேல் அக்கோ நகரில், கிரேக்கரின் காதல் தெய்வமான அஃப்ரொடைட்டியின் சிலை நின்ற குளியல்கூடத்தில் குளித்துக்கொண்டிருந்தார். யூதரல்லாத புரோக்லஸ் என்பவர், சாபத்துக்குரிய பொருள் கையில் ஒட்டலாகாது என்று உங்கள் வேதம் சொல்ல, நீங்கள் இங்கே குளிப்பது எப்படி என்று கேட்டார். குளிக்கும் இடத்தில் வேதத்தைப் பேசுவதில்லை என்று சொன்ன கமாலியேல், வெளியே வந்ததும் பதில் கூறினார். நான் அவளுடைய எல்லைக்குள் போகவில்லை, அவள்தான் என் எல்லைக்குள் வந்திருக்கிறாள். அஃப்ரொடைட்டிக்கு அணியாக ஒரு குளியல்கூடம் கட்டுவோம் என்று எவரும் சொல்வதில்லை, குளியல்கூடத்துக்கு அணியாக ஓர் அஃப்ரொடைட்டியை வைப்போம் என்றுதான் சொல்கிறார்கள் என்பது முதல் வாதம். அடுத்தது இன்னும் கூர்மையானது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் நீ உன் தெய்வத்தின் முன் அம்மணமாக நின்று சிறுநீர் கழிப்பாயா? இவளோ கழிவுநீர்க் கால்வாயின் வாயிலில் நிற்கிறாள், எல்லாரும் இவள் முன்புதான் கழிக்கிறார்கள். தெய்வமென்று நடத்தப்படுவதுதான் விலக்கு, அப்படி நடத்தப்படாதது விலக்கன்று. பழைய தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களையும் சுவரோவியங்களையும் பற்றிக் கேட்கும்போது இன்றும் ரப்பிகள் இந்த இடத்துக்குத்தான் திரும்பிவருகிறார்கள். 16ஆம் நூற்றாண்டுக் கிராகோவில் வாழ்ந்த மோசே இஸர்லிஸும் சிலுவையைப் பற்றி எழுதுகையில் இதே வழியில்தான் சென்றார்: மக்கள் வணங்கும் சிலுவை உருவச்சிலைக்கு ஒப்பானது, நினைவுக்காகக் கழுத்தில் அணிவது அப்படியன்று.

இனி, கட்டடமோ பொருளோ உண்மையிலேயே விலக்குக்கு உட்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த விலக்கு என்றென்றைக்குமானதா? இல்லை என்கிறது நான்காம் அதிகாரம். விலக்கு நீங்கும் வழியின் பெயர் 'பித்துல்': செல்லாததாக்குதல், தெய்வத்தன்மையை நீக்குதல். இதைச் செய்ய வேண்டியவர் யார் என்பதில்தான் இந்தச் சட்டத்தின் தனித்தன்மை இருக்கிறது என்பது என் கருத்து. யூதர் செய்ய முடியாது. அவர் சிலையை உடைத்தாலும், வாயால் ஆயிரம் முறை மறுத்தாலும் அது செல்லாது. அதை வணங்கும் மரபைச் சேர்ந்தவர் செய்ய வேண்டும். அவர் தம் மனத்தால் அதைத் தெய்வமல்ல என்று விட்டுவிட்டதற்குச் செயலில் ஓர் அடையாளம் வேண்டும். காதின் நுனியை, மூக்கின் நுனியை, விரலின் நுனியைச் சிதைத்துவிட்டால் போதும் என்கிறது மிஷ்னா. நம் வாசகர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. உடைந்துபோன மூலவரைப் பின்னமானது என்று சொல்லி நம் கோயில்களிலும் வழிபாட்டிலிருந்து விலக்குகிறார்கள். திருப்பணி தொடங்கும்போது பாலாலயம் செய்து, இறைசக்தியைக் கும்பத்துக்கு மாற்றிய பிறகே கொத்தனார் கருவறைக்குள் கால் வைக்கிறார். கல் எப்போது தெய்வம், எப்போது வெறும் கல் என்பதை நிர்ணயிப்பவர் அதைக் கும்பிடுகிறவரே என்ற அளவில் இரு மரபும் ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்கு வியப்பாக இருந்தது. தெய்வம் செல்லாததாக்கப்பட்டால் அதன் கருவிகளும் சேர்ந்தே விடுபடும், கருவி மட்டும் செல்லாததாக்கப்பட்டால் தெய்வம் விடுபடாது என்பதையும் மிஷ்னா சேர்த்துச் சொல்கிறது.

விற்றுவிட்டாலே கைவிட்டதாகிவிடுமா? இதில் மிஷ்னாவின் ஆசிரியர்களே உடன்படவில்லை. விற்றாலோ அடகு வைத்தாலோ அது செல்லாததாகிவிடும் என்கிறார் யூதா ஹநாசி. ஆகாது என்கிறார்கள் மற்ற அறிஞர்கள். வாங்கியவர் அதையே தொடர்ந்து கும்பிடக்கூடும் அல்லவா? ஆகவேதான் நண்பரின் ரப்பி பத்திரத்தின் தேதியோடு நிறுத்தாமல், எந்த முறையில் நிறுத்தினார்கள் என்றும் கேட்டார். நல்வாய்ப்பாக, கிறிஸ்தவச் சபைகளில் பல இதற்கென்று எழுத்திலான நடைமுறை வைத்திருக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 1222ஆம் பிரிவின்படி, ஆயர் தம் ஆணையால் ஒரு தேவாலயத்தை உலகியல் பயன்பாட்டுக்கு விட்டுவிடலாம். இழிவான பயன்பாட்டுக்கு மட்டும் விடக்கூடாது. பீடத்தையும் புனிதப் பண்டங்களையும் எடுத்துக்கொண்டு, ஆணையும் பிறப்பித்து, கதவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற ஆயரைவிடத் தெளிவான பித்துலை யூத ரப்பி வேறெங்கே தேடுவார்?

கைவிடப்பட்ட சூழலையும் சட்டம் பார்க்கிறது. வணங்கியவர்கள் விட்டுச் சென்ற தெய்வம் அமைதிக் காலத்தில் விடப்பட்டதாயின் தடையில்லை, போர்க் காலத்தில் விடப்பட்டதாயின் தடை நீடிக்கும் என்பது மிஷ்னாவின் அடுத்த வரி. அமைதியில் போனவன் மனமுவந்து போனான். போரில் ஓடியவன் திரும்பிவர எண்ணியே ஓடினான். துரத்தப்பட்டதைத் துறந்ததாகக் கணக்கெழுத முடியாது என்ற இந்த வரி, தணிக்கை வேலையில் ஆயுளைக் கழித்த எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. உங்கள் கட்டுரையில் படத்துடன் வந்த, நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரின் டொமினிக்கன் தேவாலயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 13ஆம் நூற்றாண்டில் எழுந்த அக்கட்டடத்திலிருந்து துறவியர் வெளியேற நேர்ந்தது 1790களில் பிரெஞ்சு ஆட்சி வந்தபோதுதான், மனமுவந்து அன்று. அந்தக் கணத்தில் மட்டும் நின்று பார்த்தால் அது போர்க் காலக் கைவிடல். ஆனால் அதன் பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அது கிடங்காகவும் மிதிவண்டி நிறுத்துமிடமாகவும் இருந்து, 2006இல் புத்தகக் கடையாயிற்று. பழைய ஓவியங்களைப் பார்க்க வருகிறவர்கள் இருக்கிறார்கள், அங்கே கும்பிட வருகிறவர் எவரும் இல்லை. திரும்பிவரும் எண்ணம் தலைமுறைகளுக்கு முன்பே அற்றுப்போயிருக்கும்போது அதை இன்னும் போர்க் காலக் கணக்கில் வைக்க முடியாது என்பது என் எளிய கணிப்பு. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் ரப்பிதான். கட்டுரையில் வந்த மற்றோர் எடுத்துக்காட்டான சான் பிரான்சிஸ்கோவின் இன்டர்நெட் ஆர்க்கைவ் அலுவலகத்தில் இவ்வளவு சிக்கலும் இல்லை. அது 2009இல் விலைக்கு வாங்கப்பட்ட கிறிஸ்டியன் சயன்ஸ் சபையின் ஆலயம். அச்சபையாரோ வழிபாட்டில் உருவங்களை வைத்துக்கொள்ளாதவர்கள்.

வாடகை யாருக்குப் போகிறது என்பதும் ஒரு கேள்வி. ஒரு தெய்வத்துக்குச் சொந்தமான தோட்டத்தையோ குளியல்கூடத்தையோ, பூசாரிகளுக்கு அதனால் வரும்படி இல்லாத வகையில் பயன்படுத்தலாம், வரும்படி தந்து பயன்படுத்தலாகாது. தெய்வத்துக்கும் வேறு ஆட்களுக்கும் கூட்டுச் சொத்தாயின் இரண்டு வகையிலும் பயன்படுத்தலாம் என்கிறது மிஷ்னா. தேவாலயத்தையொட்டிய கூடங்களில் குழந்தைப் பள்ளியோ அலுவலகமோ நடத்துகிறவர்கள் இதைக் கவனித்தே ஆக வேண்டும். எங்கள் கட்டடம் அதற்குள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கைக்குப் போயிருந்ததால் இந்தக் கேள்வி எழவே இல்லை.

இவ்வளவும் கிறிஸ்தவம் அயல் வழிபாடுதான் என்று கொண்டால் எழுகிற கேள்விகள். அந்த அடிப்படையே எல்லாராலும் ஏற்கப்பட்டதன்று. மைமோனிடிஸ் கிறிஸ்தவத்தை அப்படித்தான் வகைப்படுத்தினார். அவர் வாழ்ந்தது இஸ்லாமிய நாடுகளில் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கிறிஸ்தவர் நடுவே வாழ்ந்து அவர்களோடு கொடுக்கல் வாங்கல் செய்த பிரெஞ்சு, ஜெர்மன் அறிஞர்களோ, படைத்தவனோடு மற்றொன்றையும் சேர்த்து எண்ணுவது யூதரல்லாதவர்களுக்குத் தடுக்கப்படவில்லை என்று ஒரு வழி கண்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் பெர்பினியான் நகரில் வாழ்ந்த மெனாஹெம் மெயிரி இன்னும் துணிந்து, சமய நெறிகளுக்குக் கட்டுப்பட்டு வாழும் இனத்தாரைப் பழைய சிலை வணங்கிகளோடு ஒன்றாக வைக்கக் கூடாது என்றே எழுதினார். இஸ்லாத்தைப் பொறுத்தவரை மைமோனிடிசே ஐயமின்றிச் சொல்லிவிட்டார்: அது சிலை வழிபாடன்று. ஆகவே மசூதியாக இருந்த கட்டடத்துக்கு இந்தச் சட்டம் பெரும்பாலும் எழுவதே இல்லை. ஹெப்ரோனில், ஆபிரகாம் முதலானோர் அடக்கமானதாக நம்பப்படும் மூதாதையர் குகையின் மேலிருக்கும் கட்டடம் தேவாலயமாக இருந்து மசூதியானது; இன்று அதன் ஒரு பகுதியில் முஸ்லிம்களும் மற்றொரு பகுதியில் யூதர்களும் தொழுகிறார்கள்.

இந்துக் கோயில் என்றால் என்ன என்ற கேள்வி நம் வாசகர்களுக்கு எழாமல் இராது. 2004 மே மாதத்தில் ஜெருசலேமின் மூத்த ரப்பி யோசெப் ஷாலோம் எல்யாஷிவ், திருமலையில் மழிக்கப்பட்ட முடியால் செய்த பொய்முடிகளை அணியலாகாது என்று தீர்ப்பளித்தார். மரபுவழி யூதப் பெண்கள் திருமணத்துக்குப் பின் தம் முடியை மறைத்துக்கொள்வதால் அத்தகைய பொய்முடிகள் பல்லாயிரம் வீடுகளில் இருந்தன; புரூக்ளினிலும் ஜெருசலேமிலும் அவற்றைத் தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள். ஒரு முழுக் கட்டடத்துக்குக் கிடைக்கிற சலுகை ஒரு கற்றை முடிக்கு ஏன் கிடைக்கவில்லை? ஏனெனில் கட்டடமும் கருவியும் செல்லாததாக்கப்படலாம். தெய்வத்துக்குப் படைக்கப்பட்ட பொருளை எவராலும் எக்காலத்திலும் செல்லாததாக்க முடியாது என்பது தல்மூத்தின் விதி. முன்பு அனுமதித்தவர்கள், முடி வெறுமனே களைந்து எறியப்படுகிறது, சன்னிதிக்குக் கொண்டுபோகப்படுவதில்லை என்று வாதிட்டார்கள். அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவர லண்டனிலிருந்து ஒரு ரப்பியே அனுப்பப்பட்டார். நாமோ அதற்கு 'முடி காணிக்கை' என்றே பெயர் வைத்திருக்கிறோம். அங்கும் தீர்ப்பு சுழன்றது மழிக்கக் கொடுப்பவரின் எண்ணத்தைச் சுற்றித்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2008இல் ஜெருசலேமில் கூடிய இந்து, யூதத் தலைவர்கள், இந்துக்கள் வணங்குவதும் ஒரே பரம்பொருளைத்தான் என்று கூட்டறிக்கை வெளியிட்டார்கள். அதனால் பொய்முடிச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை.

வேலை பார்ப்பது வேறு, வழிபடுவது வேறு. உலகியல் பயனுக்கு அனுமதிக்கப்பட்ட பொருளும் இறைவனின் பணிக்கு அருவருப்பானதாக இருக்கலாம் என்ற ஓர் ஐயத்தைத் தல்மூத்திலேயே எழுப்பி வைத்திருக்கிறார்கள். மரத்தை ஒருவர் வணங்கிவிட்டால் அதன் ஓலையைப் பண்டிகைச் சடங்கில் ஏந்தலாமா என்பது போன்ற கேள்விகள் அவை. ஆகவே பழைய தேவாலயத்தில் கணக்கெழுதலாம் என்று சொல்கிறவரும், அதையே யூதர்களின் தொழுகையிடமான ஜெப ஆலயமாக்கலாமா என்று கேட்டால் தயங்குவார். கான்ஸ்டான்டிநோப்பிளில் 1526 வரை வாழ்ந்த எலியா மிஸ்ராஹி அனுமதித்தார். 17ஆம் நூற்றாண்டில் போலந்தின் ஆபிரகாம் கோம்பினர் தம் உரையில் அதை எடுத்தாண்டார். 1850களில் நியூயார்க்கிலிருந்து வந்த கேள்விக்கு, லெம்பர்க் நகர ரப்பி யோசெப் சவுல் நாதன்சோன் இசைவளித்தார். 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் பெரிய சட்ட அறிஞர் மோசே ஃபைன்ஸ்டைன் அதை வன்மையாக வெறுத்தார். என் நண்பர் மாலைத் தொழுகையைப் பழைய ஆலயக் கூடத்தில் செய்யாமல் மாடியில் காகிதக் கட்டுகள் அடுக்கிய சிற்றறையில் செய்துவந்ததன் காரணம் எனக்கு இதைப் படித்த பிறகே விளங்கிற்று. அதே கூடத்தில் அவர் காலை முழுதும் வரிக் கணக்கு பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் புலம்பெயர்ந்த ஏழை யூதர்களுக்கு இந்தத் தயக்கத்தைச் சுமக்க வசதியில்லை. நியூயார்க்கின் நோர்ஃபோக் தெருவில் 1850இல் பாப்டிஸ்ட் ஆலயமாகக் கட்டப்பட்டுப் பின்னர் மெத்தடிஸ்ட் ஆலயமான கட்டடத்தை, ரஷ்யாவிலிருந்து வந்தவர்களின் சபையான பெத் ஹமெத்ராஷ் ஹகதோல் 1885இல் வாங்கிற்று; 2017இல் தீப்பிடிக்கும்வரை அது யூதச் சொத்தாகவே இருந்தது. லண்டனிலும் சாண்டிஸ் ரோவில், பிரெஞ்சுப் புராட்டஸ்டண்ட்களான ஹியூகனாட்களின் 1766ஆம் ஆண்டுச் சிற்றாலயம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெப ஆலயமாகி இன்றுவரை அப்படியே இருக்கிறது.

ரப்பியின் நான்காம் கேள்வியைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது. ஆரோன் வழிவந்த குருமரபினரான கோஹேன்கள் பிணத்தோடு ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்பது லேவியராகமத்தின் கட்டளை. ஐரோப்பியத் தேவாலயங்கள் பலவற்றில் தரைக்கு அடியிலேயே கல்லறைகள் உண்டு. யூதரல்லாதார் கல்லறைக்கு இந்தத் தீட்டு முழுமையாகப் பொருந்துமா என்பதில் தல்மூத் காலத்திலிருந்தே இரண்டு கருத்து இருந்தும், கவனமாக இருப்பதே நல்லது என்றுதான் 1565இல் வெனிஸில் அச்சான ஷுல்ஹான் அருக் என்னும் யூதச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. என் நண்பர் கோஹேன். மெத்தடிஸ்ட்கள் அங்கே எவரையும் புதைக்கவில்லை என்று நகராட்சி ஆவணத்திலிருந்து உறுதி வந்த பிறகே அவர் மேசையை ஏற்றுக்கொண்டார். ஆக, அவருக்கு உண்மையான தடை வந்திருந்தால் அது பழைய தெய்வத்தால் வந்திராது, பழைய பிணத்தால் வந்திருக்கும்.

இதே சட்டம் தன் சொந்த ஆலயத்தை எப்படி நடத்துகிறது என்பதையும் பார்த்தால் படம் முழுமையாகும். யூதர்கள் தம் ஜெப ஆலயத்தை விற்கலாம். குளியல்கூடம், தோல் பதனிடும் இடம் போன்ற நான்கு பயன்பாடுகளுக்கு மட்டும் விற்கலாகாது என்று மிஷ்னாவின் மெகில்லா பகுதி கூறுகிறது. கத்தோலிக்கச் சட்டத்தின் 'இழிவான பயன்பாடு' என்ற சொல்லோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் பாழடைந்துபோன ஜெப ஆலயத்தில் கயிறு திரிக்கவோ, வலை விரிக்கவோ, கனி உலர்த்தவோ, குறுக்கு வழியாக நடந்து போகவோ கூடாது. ஏனெனில் பாழானாலும் அதன் புனிதம் போவதில்லை. அயலாருடைய ஆலயம் ஆள் விட்டுப் போனால் விடுபடும், தம்முடையது இடிந்தாலும் விடுபடாது. இதை நான் ஓரவஞ்சனை என்று சொன்னபோது நண்பர் சிரித்தார். அயலாருடைய புனிதம் எப்போது முடிகிறது என்று அயலாரைத்தான் கேட்கிறோம், எங்களுடையதற்கு எங்கள் விதி என்றார். அந்தப் பதிலில் எனக்கு இன்னும் முழு நிறைவு இல்லை.

கடைசியாக, அக்கட்டுரையில் ஒரு படக்குறிப்பையும் திருத்த வேண்டும். லண்டன் பிரிக் லேனில் இருக்கும் ஜாமே மசூதியின் படத்தின் கீழ், '1743இல் தேவாலயமாகக் கட்டப்பட்டு இன்று மசூதியாக இருப்பது' என்று போட்டிருக்கிறீர்கள். இடையில் இருந்ததை விட்டுவிட்டீர்கள். பிரான்சிலிருந்து வந்த ஹியூகனாட்கள் கட்டிய அந்த ஆலயம், 1809இல் யூதர்களைக் கிறிஸ்தவத்துக்கு மாற்றுவதற்கென்றே அமைந்த ஒரு சங்கத்தின் கைக்குப் போய், 1819இல் மெத்தடிஸ்ட்களிடம் வந்து, 1898இல் மக்ஸிகே ஹதாத் என்ற யூதச் சபையின் பெரிய ஜெப ஆலயமாயிற்று. லண்டனின் தலைமை ரப்பியின் உணவு விதிகள் போதிய கண்டிப்பில்லாதவை என்று சொல்லிப் பிரிந்துபோனவர்கள் அவர்கள். அந்நகர யூதர்களில் அவர்களைவிடக் கறாரானவர்களைக் காண்பது அரிது. பின்னாளில் பாலஸ்தீனத்தின் முதல் அஷ்கெனாசித் (ஐரோப்பிய யூத மரபின்) தலைமை ரப்பியான ஆபிரகாம் ஈசாக் கூக், 1916 முதல் 1919 வரை அச்சபைக்கு ரப்பியாக இருந்தார். அக்கட்டடம் வங்கதேச முஸ்லிம்களின் மசூதியானது 1976இல். '1743இல் தேவாலயமாகக் கட்டப்பட்டு, 1898 முதல் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஜெப ஆலயமாக இருந்து, 1976 முதல் மசூதியாக இருப்பது' என்று அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காய்வாளர்,
ஸ்ரீரங்கம்.